தார்ப்பாய் கிழியாமல் லோடு மூடுவது எப்படி?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் அவசரம். மலைப்பாதையில் வண்டியை இறக்கவும், டயர் கழற்றி மாட்டவும் கற்றுத்தர ஆள் உண்டு. தார்ப்பாய் போடுவதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. “மேலே ஏறிப் பாயை இழுத்துப் போடு” என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

காசு போவதோ பெரும்பாலும் அங்கேதான். வாடகையில் ஒரு பகுதி அட்வான்ஸாகக் கைக்கு வருகிறது. மீதி, சரக்கை இறக்கி ரசீதில் கையெழுத்து வாங்கிய பிறகுதான். அந்த ரசீதில் ‘10 மூட்டை ஈரம்’ என்று குடோன்காரர் ஒரு வரி எழுதினால் போதும், பேலன்ஸ் வாடகையில் பிடித்தம் விழும். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு இது இரட்டை அடி. சரக்குக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும், கிழிந்த பாய்க்குப் பதிலாகப் புதுப்பாயும் அவரே வாங்க வேண்டும்.

கிழிந்த பாய் ஒன்றை விரித்து, ஓட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். லோடின் மேல் விளிம்பு பட்ட இடம், நான்கு மூலைகள், கேபினுக்குப் பின்னால் காற்று அறையும் பகுதி, கயிறு கட்டும் ஐலெட்டைச் சுற்றிய ஓரம். பாயின் நட்டநடுவில் கிழிசல் தெரிவது அபூர்வம். வெயிலும் மழையும் பாய் முழுக்கத்தான் படுகின்றன. அவை மட்டுமே காரணம் என்றால் பாய் எங்கும் ஒரே மாதிரி அல்லவா நைந்திருக்க வேண்டும்? குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கிழிகிறது என்றால், அங்கே பாய் அசைந்திருக்கிறது. கெட்டியான முனையில் நூறு கிலோமீட்டர் தூரம் உரசிக்கொண்டே வந்திருக்கிறது, அல்லது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. பாயை அசையவிடாமல் கட்டுவது, அசைந்தே தீரும் இடத்தில் அதற்கு மெத்தென்று ஏதாவது கொடுப்பது: இந்த இரண்டுக்காகத்தான் கீழே சொல்வதெல்லாம்.

முதலில் வண்டியைத் தடவிப் பாருங்கள்

எல்லாரும் லோடைத்தான் சந்தேகப்படுவார்கள். சாக்கு மூட்டை ஏற்றிய வண்டியில்கூடப் பாய் கிழிகிறதே, அது ஏன்? கிழிப்பது பாடி. பக்கக் கதவின் கீல், தாழ்ப்பாள், பலகையிலிருந்து எழும்பி நிற்கும் போல்ட், பின்பக்கத் தூண்களின் தலை, கேபினை ஒட்டி நிற்கும் ஆங்கிள் கம்பி. வண்டி காலியாக நிற்கும்போது பாடியின் மேல்விளிம்பு முழுவதையும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கைக்குக் குத்துவது எதுவோ, அதுதான் பாயையும் குத்தும். சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு பட்டறையில் நிறுத்தினால் கிரைண்டர் வைத்து மழுக்கித் தருவார்கள். மழுக்க முடியாத ஆங்கிளுக்குப் பழைய டியூபை நீளவாக்கில் கீறிப் போர்த்தி, இரண்டு முனையிலும் கட்டிவிடுங்கள்.

புதிதாகப் பாடி கட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் முன்யோசனையாக இருக்கலாம். நாமக்கல் பட்டறைகளில் பெயின்ட், பூவேலை, கண்ணாடி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறோம். மேல்விளிம்பு ஆங்கிளை உருட்டையாக முடிக்கவும், கயிறு மாட்டும் கொக்கிகளின் முனையை உள்பக்கம் வளைக்கவும் அப்போதே சொல்லிவிட்டால், வண்டி ஓடும் காலம் முழுக்கப் பாய்ச் செலவு குறையும்.

லோடுக்கு லோடு வேறு

சிமென்ட், உரம், மக்காச்சோளம் போன்ற மூட்டைச் சரக்கில் முனைத் தொல்லை இல்லை, குழித் தொல்லை உண்டு. மேல் அடுக்கு நடுவில் பள்ளமாக இருந்தால் மழைநீர் அங்கே தேங்கும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், வெறும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றாலே 100 லிட்டர். 100 கிலோ எடை பாயின் நடுவில் தொங்கிக்கொண்டு, வண்டி ஆடும்போதெல்லாம் பாயையும் ஆட்டும். தையல் பிரிவதும், அடியிலிருக்கும் மூட்டை நனைவதும் அதன் பிறகு நேரக் கணக்குதான். லோடுமேன்களிடம் கேட்டு, கடைசி அடுக்கை நடுவில் ஒரு வரிசை உயர்த்தி முகடாக முடிக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது கேட்டால் செய்வார்கள். கூலி வாங்கிக் கீழே இறங்கிய பிறகு யார் மேலே ஏறப்போகிறார்கள்?

இரும்புதான் பாயைத் தின்னும் சரக்கு. டிஎம்டி கம்பி, ஆங்கிள், தகடு, பைப், காயில், மெஷின் பெட்டி எல்லாமே விளிம்பு உள்ளவை. கம்பிக்கட்டைச் சுற்றியிருக்கும் கட்டுக்கம்பியின் முறுக்கிய முனையைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதைக் கட்டிங்பிளேயரால் உள்பக்கம் மடக்கிவிட ஒரு நிமிடம் ஆகாது. பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பாயைக் கிழிப்பதோடு நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, சரக்கு பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ வரம்பு மீறி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்கும் செலவு தனி.

முனைக்குப் போடும் மெத்தைக்கு எதை எடுப்பது? அமெரிக்காவில் பலகை வண்டி ஓட்டுகிறவர்கள் ‘வி’ வடிவப் பிளாஸ்டிக் தடுப்புகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் பேட்டையில் இதற்குச் செலவே இல்லை. லாரி டியூபை வெட்டிய துண்டு முதல் தரம். பழைய கன்வேயர் பெல்ட் கிடைத்தால் அதைவிட நல்லது. நாலாக மடித்த கோணிச் சாக்கு பரவாயில்லை, ஆனால் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்புத் தகட்டில் துருக்கறை ஏறும். எதைப் போட்டாலும் சரக்கோடு சேர்த்துக் கட்டுங்கள். சும்மா வைத்த மெத்தை முதல் வேகத்தடையிலேயே நழுவி விழுந்துவிடும். பிறகு, மெத்தை வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும்தான் ஊர் போய்ச் சேரும்.

காயில் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இரவுக் குளிரில் இறுகிக் குளிர்ந்த இரும்பு, காலையில் கடலோர ஈரக்காற்று படும்போது வியர்க்கும். பல்லாரிப் பக்கத்து உருக்காலையிலிருந்து சென்னைக்கு வரும் டிரெய்லரில் மழையே இல்லாமல் காயில் நனைந்திருந்தால் காரணம் இதுதான். பாயைக் காயிலோடு ஒட்ட இறுக்காமல் இடையில் கட்டை கொடுத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டால், உள்ளே ஈரம் அடைபடாது. காயில் விளிம்பும் பாயைத் தொடாது.

பாய் சரக்கை மூடத்தான், பிடித்து நிறுத்த அல்ல. சரக்கைச் சங்கிலியாலோ பெல்ட்டாலோ கயிறாலோ தனியாகக் கட்டி முடித்த பிறகுதான் பாய். பாய்மேல் போடும் கயிறே சரக்கையும் தாங்கட்டும் என்று விட்டால், சரக்கு ஓர் அங்குலம் நகரும்போது பாய்தான் இழுபடும்.

விரிக்கும் முறை

அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். சரக்கோடு சேர்த்து வண்டியின் உயரம் 4 மீட்டர் வரை வரும். அதன்மேல் ஒருவர் நின்று கையைத் தூக்கினால் 6 மீட்டரைத் தாண்டிவிடும். மில் வாசலிலும் குடோன் தெருவிலும் கரண்ட் கம்பி தொங்கும் உயரம் நமக்குத் தெரியும். நனைந்த பாயும் நனைந்த கயிறும் கரண்டைக் கடத்தும். கம்பிக்கு அடியில் வண்டி நின்றால், எவ்வளவு அவசரமானாலும் நகர்த்திவிட்டுப் பாய் போடுங்கள். இதில் வாதமே வேண்டாம்.

மடித்த பாயை லோடின்மேல் தூக்கிவைத்து, அங்கே பிரித்து, இரண்டு பக்கமும் தள்ளிவிட வேண்டும். தரையில் விரித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று மேலே இழுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. தரையில் கிடக்கும் கல்லும் ஆணியும், பாடியில் இருக்கும் கொக்கியும் சேர்ந்து ஒரே இழுப்பில் ஒரு பயணத்தின் தேய்மானத்தைக் கொடுத்துவிடும். காற்று இருந்தால், காற்று வரும் பக்கத்தில் நின்று அது போகும் பக்கமாகப் பிரியுங்கள். பாயின் ஓரத்தைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. காற்று உள்ளே புகுந்து பாய் எழும்பினால் ஆளையும் சேர்த்துத் தூக்கும். பாய் விரித்த பிறகு அதன்மேல் நடப்பதைக் குறையுங்கள். கீழே சரக்கு இருக்கிறதா, சந்து இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. பெட்டிகளுக்கு இடையே கால் போய் விழுந்தவர்கள் எல்லாப் பேட்டையிலும் உண்டு.

ஒரே பாய் போதாமல் இரண்டு போடும்போது, பின்பக்கப் பாயை முதலில் போட வேண்டும். முன்பாயின் வால் அதன்மேல் 3 அடியாவது ஏறி நிற்க வேண்டும். கூரையில் ஓடு வேய்கிற கணக்குத்தான். ஓட்டின்மேல் நீர் வழிகிற மாதிரி பாயின்மேல் காற்று வழிகிறது. மாற்றிப் போட்டால் முன்னாலிருந்து வரும் காற்று இணைப்புக்குள் புகுந்து பின்பாயைப் பலூனாக்கிவிடும். முன்பக்க மூலை மடிப்பையும் இப்படியே பாருங்கள். மடிப்பின் வாய் பின்னோக்கி இருந்தால் காற்று அதை அமுக்கிவைக்கும், முன்னோக்கி இருந்தால் விரித்துவிடும். வேறு எதில் கவனம் தவறினாலும் இந்த மூலை மடிப்பில் தவறக் கூடாது.

பாய்மேல் போகும் கயிறு ஒவ்வோர் ஐலெட்டையும் முழு பலத்தோடு இழுக்க வேண்டியதில்லை. பலத்தை ஓரத்தில் தைத்த வடக்கயிறும், குறுக்கே லோடின்மேல் போகும் கயிறுகளும் தாங்கட்டும். ஐலெட் பாயை இடத்தில் நிறுத்தினால் போதும். ஐலெட்டுக்கும் கொக்கிக்கும் நடுவே டியூபிலிருந்து வெட்டிய வளையம் ஒன்று கொடுங்கள். வண்டி குலுங்கும்போது இழுபடுவது ரப்பராக இருக்கும், துணி தப்பிக்கும். மாட்டும்போது முகத்தை நேர் எதிரே வைக்காதீர்கள். அறுந்த ரப்பர் கண்ணுக்குத்தான் வரும். ஐலெட் பிய்ந்துவிட்டால் அந்த ஓட்டையிலேயே கயிறைக் கோத்து இழுப்பது கிழிசலை நீட்டுகிற வேலை. சற்று உள்ளே தள்ளி, உருண்டையான கூழாங்கல் ஒன்றைப் பாய்க்கு அடியில் வைத்துப் பிடித்து, மேலே கயிறால் கழுத்தை இறுக்கிக் கட்டுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை அது ஐலெட்டின் வேலையைச் செய்யும்.

கயிறு நனைந்தால் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. சணலும் பருத்தியும் சுருங்கிப் பாயை இன்னும் இறுக்கும், நைலான் தளரும். மழை பிடித்தால் எந்தக் கயிறு போட்டிருக்கிறோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு, ஒன்றைக் கொஞ்சம் தளர்த்தவும் மற்றதை இறுக்கவும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்.

ரோட்டில்

புறப்பட்டு 20, 30 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம். டீ குடிக்க அல்ல, கயிறு பார்க்க. டீயும் குடிக்கலாம். அதற்குள் சரக்கு குலுங்கி அமர்ந்திருக்கும், கட்டும்போது விறைப்பாக இருந்த கயிறு தொய்ந்திருக்கும். பாய் கிழியத் தொடங்குவது இந்தத் தொய்விலிருந்துதான். ஓட்டும்போதும் பக்கக் கண்ணாடியில் பாயின் விலா உப்பித் தெரிந்தாலோ, படபடச் சத்தம் காதில் விழுந்தாலோ, அடுத்த பங்க் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

காற்றின் அழுத்தம் வேகத்துக்குச் சமமாக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பாய்மேல் படும் அழுத்தத்தைவிட 80-இல் படுவது சுமார் 1.8 மடங்கு. 60-இல் போகும்போது எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், பாய்க்கு அது 100. அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் கோவையிலிருந்து வாளையாறு தாண்டும் பாலக்காட்டுக் கணவாயிலும், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி பக்கத்திலும் இந்தக் கணக்கு நேரில் தெரியும். காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் இடம் எதுவுமே தார்ப்பாய்க்கு ஆகாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேகத்தைக் குறைத்தால் டீசலும் மிச்சம், பாயும் மிச்சம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது, அரைகுறையாகக் கட்டிய பாய் எம்மாத்திரம்?

தொங்கும் வாலையும் கவனியுங்கள். பாயின் கீழோரம் டயரைத் தொட்டால் ஒரே சுற்றில் உள்ளே இழுத்துக் கிழித்துவிடும். சைலென்ஸர் சூட்டுக்கு அருகில் வந்தால் பிளாஸ்டிக் பாய் உருகும், மெழுகு ஏற்றிய கான்வாஸ் பற்றிக்கொள்ளும். பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைத்தால் போலீஸ் நிறுத்துவது சின்னத் தொல்லை. இரவில் பின்னால் வருகிறவருக்கு நம் வண்டி தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

வாங்கும்போது

கான்வாஸா, பிளாஸ்டிக்கா என்ற வாக்குவாதம் பேட்டையில் ஓயாது. நெய்த எச்டிபிஇ பாய் இலேசு, மலிவு, நீர் துளியும் இறங்காது. ஆனால் வெயில் அதை நொறுக்கும், மடித்த இடத்தில் வெடிக்கும், கிழிசல் விட்டால் விறுவிறுவென்று ஓடும். கான்வாஸ் கனம், விலையும் கூட, நனைந்தால் தூக்க முடியாது. ஆனால் உரசலைத் தாங்கும், தைக்கலாம், நனைந்ததும் நூல் உப்பித் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். மூட்டைச் சரக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு நல்ல எச்டிபிஇ போதும் என்பது என் கட்சி. இரும்பும் மெஷினும் ஏற்றுகிறவர் கான்வாஸையோ கனமான பிவிசி பாயையோ விட்டுக் கீழே இறங்க வேண்டாம். பலர் செய்வது, அடியில் பிளாஸ்டிக்கும் மேலே கான்வாஸுமாக இரண்டு. அதில் குறைசொல்ல எதுவும் இல்லை.

அளவைக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். பாடி 24 அடி நீளம், 8 அடி அகலம், சுற்றிலும் 6 அடி தொங்க வேண்டும் என்றால் 36-க்கு 20 அடி. வெட்டிய அளவா, ஓரம் மடித்துத் தைத்த பிறகான அளவா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் சில அங்குலம் காணாமல் போகும். எச்டிபிஇ என்றால் ஐஎஸ் 7903 தர எண்ணும், வெயில் தாங்கும் யுவி சேர்மானமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, தராசில் வைத்தால் தெரிந்துவிடும். 36-க்கு 20 என்பது சுமார் 67 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் பாய் 13 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். தராசு 10 கிலோ காட்டினால் உங்கள் கையில் இருப்பது 150 ஜிஎஸ்எம்.

காயவைப்பதும் ஒட்டுப்போடுவதும்

ஈரக் கான்வாஸை மடித்துக் கேபின்மேல் போட்டுவிட்டால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பூஞ்சை தின்ற பருத்தி பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும், இழுத்தால் காகிதம்போலக் கிழியும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலுக்குக் காத்திருக்க முடியாது. லோடு இறக்கும் குடோனில் தாழ்வாரம் இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் தொங்கவிட்டாலும் பாதி ஈரம் வடிந்துவிடும். சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், மெழுகு போய்விடும். உரமோ உப்போ ஏற்றி இறக்கினால் வெறும் தண்ணீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் இரும்பு ஐலெட் துருப்பிடிக்கும், அந்தத் துரு சுற்றியுள்ள துணியையும் அரித்துவிடும். பாட்டரிக்கும், சமைக்கும் ஸ்டவ்வுக்கும் பக்கத்தில் பாயை வைக்கக் கூடாது. மடிக்கும்முன் தானியத்தை உதறிவிடுங்கள். உள்ளே நாலு மக்காச்சோளம் இருந்தால் எலி குடிவந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடிக்காமல் மடிப்பை மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஓட்டை விரலளவாக இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். கான்வாஸுக்குக் கோணி ஊசியும் நைலான் நூலும். ஒட்டுத்துணியைச் சதுரமாக வெட்டாமல் மூலைகளை வளைத்து வெட்டுங்கள். கூர்மூலை வைத்தால் அடுத்த கிழிசல் அந்த மூலையிலிருந்தே கிளம்பும். எச்டிபிஇக்கு அதற்கென்று விற்கும் டேப்பை, இடத்தைத் துடைத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டினால் வீண். பிவிசியை அனல் காற்றில் ஒட்டித்தரும் கடைக்குக் கொண்டுபோய்விடலாம்.

பாயின் காலம் முடிந்ததா என்று அறிய, காலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். அங்கங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அதை மேல்பாயாகப் போடுவதை நிறுத்திவிட்டு, மூட்டைகளுக்கு அடியில் விரிப்பாகப் போடலாம். கெட்டியாக இருக்கும் ஓரங்களைக் கீற்றாக வெட்டி வைத்தால் இரும்பு லோடுக்கு மெத்தையாகும். மிச்சத்தைக் களத்தில் சோளம் காயப்போட விவசாயிகள் கேட்டு வாங்கிப் போவார்கள். அவர்களிடம் ஓட்டைகளைக் காட்டியே விலை பேசுங்கள். காயப்போடுவதற்கு அது ஒரு குறையில்லை.